நாலு மணிக்கு மேல், இடது கண்ணால்

இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு வகுப்பு. ஏணியில் ஏற வகுப்பு, பாரம் தூக்கக் குனிய வகுப்பு, தீப்பிடித்தால் ஓட வகுப்பு. தீப்பிடித்தால் ஓடத் தெரியாதவனை வேலைக்கு எடுத்தது யார் தப்பு? வகுப்பு முடிந்ததும் ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். காகிதம் உள்ளவன் கெட்டிக்காரன், இல்லாதவன் மடையன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இத்தனை வருஷத்தில் என் கைக்குக் கீழே ஒருத்தன் கால் விரல்கூட நசுங்கியதில்லை. அதற்கு எவனும் காகிதம் தரவில்லை.

எங்கள் யார்டில் இரும்பு உத்தரங்கள் வந்து இறங்கும், லாரியில் ஏறிப் போகும். கிரேன் கூண்டில் உச்சி உட்கார்ந்திருப்பான். அறுபது அடி உயரத்திலேயே காலத்தைக் கழித்ததால் அவனுக்கு அந்தப் பெயர். கீழே நின்று அவனுக்குக் கை காட்டுவது என் வேலை. விரலை மடக்கினால் மெதுவாக, முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. பத்தொன்பது வருஷம் இப்படித்தான்.

போன வருஷம் புதிதாக ஒரு சேஃப்டி ஆபிசர் வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. இனிமேல் கை போதாது, வயர்லெஸ்ஸில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்றார். வருகிற டிரைவர்கள் நாலு பாஷைக்காரர்கள், எல்லோருக்கும் புரிய வேண்டுமாம். புதன்கிழமைதோறும் வேலை முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு என்றார்.

நான் உச்சியிடம் அன்றே சொன்னேன். "பங்காளி, நீயும் போகாதே, நானும் போகலை. ரெண்டு பேரும் முரண்டு பிடிச்சா என்ன செஞ்சிடுவாங்க? ஆகாசத்துல இருந்தா ஆள் இறக்குவாங்க?"

"நான் எதுக்குப் போறேன்? இங்கிலீஷ் பேசினாத்தான் இரும்பு எந்திரிக்குமா?" என்றான். என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அதற்கடுத்த புதன்கிழமை அவனுக்குப் பல்வலி வந்தது. அதற்கடுத்த புதன்கிழமையும் வந்தது. எட்டு வாரம் பல் டாக்டரிடம் போனவன் வாயில் ஒரு பல்கூடக் குறையவில்லை. அதைக் கவனிக்காமல் இருந்தேனே, நான்தான் மடையன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் இடது கண் ஒன்றரை வருஷமாகச் சரியில்லை. காலையில் மங்கல், நாலு மணிக்கு மேல் வெறும் புகை. நரம்பு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மகளிடம்கூட நான் சொல்லவில்லை. உச்சி ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்கு வழி காட்ட வேண்டும் என்பது முறை. நாலு மணிக்கு மேல் எங்களுக்குள் அது தலைகீழ். என் இடப்பக்கம் யாராவது குறுக்கே வந்தால் உச்சி ஹாரனைச் சின்னதாக இரண்டு தடவை தட்டுவான். நானே பார்த்துவிட்டதுபோல் முஷ்டியைத் தூக்குவேன். பார்க்கிறவர்களுக்குக் கை சொல்ல, கிரேன் கேட்கிற மாதிரிதான் இருக்கும். கை போய்விட்டால் எனக்கு யார்டில் என்ன இருக்கிறது? துடைப்பம்தான்.

ஒரு வியாழக்கிழமை கேன்டீன் சுவரில் ஒரு தாளைப் பார்த்தேன். மேலே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, ஆனால் எழுதிய கை தெரியும். உச்சி பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடிப்பான். முற்றுப்புள்ளி வைத்த இடமெல்லாம் தாளில் ஓட்டை விழுந்திருக்கும். இதில் ஏழு ஓட்டை இருந்தது.

தாளை உரித்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், நன்றாகப் படித்தவள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"பயிற்சித் தாள்ப்பா இது. ஒரு வேலையைச் சொல்லி, அதை எப்படி, எங்கே, எப்போ செஞ்சாங்கன்னு பின்னாடி சேர்க்கணும். யாரைப் பத்தி எழுதியிருக்கார்?"

"படி, தெரியும்."

"ஹி கம்ஸ் ஏர்லி டு த யார்டு. அவர் சீக்கிரமா யார்டுக்கு வர்றார். ஹி ஸ்டாண்ட்ஸ் ப்ரவுட்லி அண்டர் த கிரேன். கிரேனுக்கு அடியில கர்வமா நிக்கிறார்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹி ஷவுட்ஸ் லவுட்லி அட் த டிரைவர்ஸ். டிரைவருங்க மேல சத்தமா கத்தறார். அப்பா, இது நீங்களேதான்!"

நானும் சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாலாவது, தேநீரை உறிஞ்சிக் குடிப்பது பற்றி. ஐந்தாவதில் அவள் குரல் நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் முழிக்கிறே? படி."

"ஹி சீஸ் பேட்லி வித் ஹிஸ் லெஃப்ட் ஐ ஆஃப்டர் ஃபோர்." கத்தியைப் பலகையில் வைத்தாள். "'சீஸ்'னா பார்க்கிறார். அது வாக்கியத்தோட வெறும் எலும்பு. எப்படின்னா, மோசமா. எதாலன்னா, இடது கண்ணால. எப்போன்னா, நாலு மணிக்கு மேல. அப்பா, இது நிஜமா?"

"மேலே படி" என்றேன். ஆறாவது: அவர் பெரும்பாலும் ஞாபகத்தை வைத்துத்தான் கை காட்டுகிறார்.

நம் பேச்சில் எப்போது, எங்கே, எதால் என்பதெல்லாம் முன்னால் வந்துவிடும், செய்கை கடைசியில்தான் வரும். ஒருத்தன் கையை ஓங்குவது தெரிந்து நாம் விலகிக்கொள்ள நேரம் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் முதலில் குத்திவிடுகிறார்கள். அப்புறம்தான் எதால் குத்தினேன், எத்தனை மணிக்குக் குத்தினேன் என்று ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

ஏழாவதையும் படிக்கச் சொன்னேன். "ஹி லுக்ஸ் ஆஃப்டர் மீ வெல். 'லுக்'னா பார்க்கிறது. பக்கத்துல இந்தக் குட்டிச் சொல் சேர்ந்தா பார்த்துக்கிறதுன்னு ஆயிடும். என்னை நல்லாப் பார்த்துக்கிறார்னு எழுதியிருக்கார்ப்பா."

குத்திவிட்டு மருந்து தடவுகிறான்.

மறுநாள் காலை ஆபிசர் கூப்பிட்டனுப்பினார். நல்ல தாள்களையெல்லாம் சுவரில் ஒட்டுவதற்கு முன்பே டீச்சர் நகலெடுத்து ஆபீசுக்கு அனுப்புவது வழக்கமாம். "எல்லாருக்கும் நடக்கிற செக்கப்தான் பெரியவரே" என்றார். வெளியே பெஞ்சில் என்னைத் தவிர ஒரு ஈ, காக்கா இல்லை. வலது கண்ணைப் பொத்தி எழுத்தை வாசிக்கச் சொன்னார்கள். தமிழ் எழுத்துப் பலகைதான் வைத்திருந்தார்கள், அந்த மட்டும் மரியாதை. பலகை மங்கலாகத் தெரிந்தது, எழுத்து எங்கே என்று கேட்டேன்.

அன்றைக்கே என்னை ஹெல்மெட் கொடுக்கிற ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் உச்சி ஏணியில் இறங்கினான். அடியில் நான் நின்றிருந்தேன். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான்.

"பல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பங்காளி, கோவிச்சுக்காதே. டீச்சர் உண்மையானதை எழுதச் சொன்னாங்க. எப்படி, எங்கே, எப்போ மூணும் வரணும்னாங்க. உன்னைத் தவிர யாரை எனக்கு இவ்வளவு கிட்டத்துல தெரியும்?"

"பொண்டாட்டியைப் பத்தி எழுதறது!"

"அவ படிச்சிடுவாளே."

"அப்ப நான் படிக்க மாட்டேன்னுதான் எழுதினே."

அவன் படியை விட்டு இறங்கி என் தோளைத் தொட வந்தான். நான் நகர்ந்துகொண்டேன்.

"தெரியாம எழுதினியா, தெரிஞ்சே எழுதினியா? அதை மட்டும் சொல்லு."

"முதல்ல விளையாட்டாத்தான் எழுதினேன். கண்ணைப் பத்தி எழுதறப்போ கை கொஞ்சம் நின்னுது. நட்சத்திரம் வாங்கின தாளெல்லாம் ஆபீசுக்குப் போகும்னு தெரியும். இருந்தும் அந்த வரியை அடிக்கலை." தலையைச் சொறிந்தான். "போன மாசம் அந்த தாடிக்கார டிரைவர் ஞாபகம் இருக்கா? ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன். உன் காதுல விழலை. உத்தரம் அவன் தலைக்கு மூணு அடியில நின்னுது. நின்னது உன் கையால இல்லை பங்காளி. நான் நிறுத்தினேன்."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன். கேட்க மாட்டேன்னா சொல்லாமலே ஊருக்கு எழுதிப் போடுவியா? சண்டை போட்டிருக்கலாம். சட்டையைப் பிடிச்சிருக்கலாம். பத்தொன்பது வருஷத்துக்கு அதுக்குக்கூடவா எனக்கு அருகதை இல்லை?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"என் நல்லது என்கிட்ட இருந்து ஒளிஞ்சு நடக்காது."

சாப்பிடக்கூடப் போகாமல் புது ஆள், என் இடத்தில் நின்று வயர்லெஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்லோலி டு த லெஃப்ட், ஸ்லோலி டு த லெஃப்ட்" என்று கிளிப்பிள்ளை மாதிரி. நன்றாகத்தான் சொன்னான். கண்ணும் நன்றாக இருக்கும், இருபத்தைந்து வயசு.

"கேட்டியா, எவ்வளவு தெளிவா சொல்றான்" என்றான் உச்சி. என்னைச் சமாதானப்படுத்துவதாக அவனுக்கு நினைப்பு.

"அவனைப் பத்தியும் எழுது. நட்சத்திரம் தருவாங்க."

"ஆபிசர்கிட்ட பேசறேன் பங்காளி. காலையில மட்டும் நீ கை காட்டற மாதிரி, நாலு மணி வரைக்கும்..."

நான் கிளம்பினேன், அவன் பின்னாலேயே வந்தான். அந்தத் தாடிக்காரனுக்கு இரண்டு குழந்தைகளாம், அதையும் சொன்னான். மூன்று அடியா, ஆறு அடியா, யார் கண்டது? மேலே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாமே நெருக்கமாகத்தான் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கலாம், எந்தப் பாதி என்று அவனுக்கே தெரியுமோ என்னவோ. ஹெல்மெட் ஜன்னலில் ஆறு பேர் காத்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து நடந்தேன்.