பச்சை காட்டும் பம்ப் அறை

அக்கா, நான் சோணி. இப்போது ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாம் கீழ்த்தளத்தில், பம்ப் அறைக்குள் இருக்கிறேன். கதவு அடைத்துக்கொண்டது. சிக்னல் இல்லை. என் சொந்தப் போனில் இதை எழுதுகிறேன். அம்மாவிடம் உடனே காட்டாதே.

என் வேலைதான் தெரியுமே. நாலு போன்களைப் பையில் மாட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பேன். டேட்டா என்ன வேகத்தில் வருகிறது என்று அவை அளந்துகொள்ளும். எங்கே எவ்வளவு வேகம் வரும் என்று எஞ்சினியர் கம்ப்யூட்டரில் முன்பே கணக்குப் போட்டுப் படமாக வைத்திருப்பார். வேகம் வரும் இடம் பச்சை, வராத இடம் சிவப்பு. அவர் கணக்கும் என் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அவர் படத்தில் இந்த அறை பச்சை. மதியம் நான் அளந்தபோது ஒன்றுமே வரவில்லை. மேலே போய்ச் சொன்னேன்.

"கதவைத் திறந்து வெச்சா அளந்தே?"

"ஆமா சார்."

"என் கணக்குல கதவு மூடியிருக்கு. நீ திறந்து வெச்சா ரெண்டையும் எப்படிய்யா ஒப்பிடறது?"

"திறந்திருக்கும்போதே வரலையே சார். மூடினா எங்கேருந்து வரும்?"

"ஆமா, இவரு பெரிய விஞ்ஞானி! போய் மூடி அளந்துட்டு வீட்டுக்குப் போ. ஏதாச்சும்னா போன் பண்ணு."

"அங்கேருந்தா சார்?"

"அதான் பச்சையா இருக்கே!"

எங்கள் வண்டி ஓட்டுகிற அண்ணன் சிரித்துவிட்டார். "போடா சோணி. வாயைக் கொடுத்தேல்ல, அனுபவி."

வந்தேன். ஒழுங்காக இழுத்து மூடினேன். மூடிய பிறகுதான் பார்த்தேன், உள்பக்கம் கைப்பிடியே இல்லை, ஒரு ஓட்டைதான் இருக்கிறது. கதவு முழுக்க இரும்பு. எஞ்சினியர் அதை மரம் என்றும் இந்தக் கனமான சுவரை மெல்லிய தடுப்பு என்றும் கணக்கில் போட்டிருக்கிறார் போல. தட்டினேன், கத்தினேன், உதைத்தேன். பம்ப் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

இன்னும் அரை மணி நேரத்தில் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள். நாளையும் மறுநாளும் விடுமுறை. என்னிடம் இருப்பது அரை பாட்டில் தண்ணீர். என்னைக் காணோமென்று யாராவது கேட்டாலும் எஞ்சினியர் படத்தைத்தான் பார்ப்பார். 'அங்கே சிக்னல் நல்லா இருக்கு, மாட்டிக்கிட்டா கூப்பிட்டிருப்பான்' என்பார். இதுதான் எனக்குப் பயம் அக்கா.

கதவுக்கு வெளியே ஏழு எட்டு வைத்தால் வரும் இடத்தில் ஒரே ஒரு கோடு சிக்னல் காட்டியது, அதுவும் விட்டு விட்டு. கதவுக்கடியில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. அனுப்பு என்று அழுத்திவிட்டு, இந்தப் போனைக் கேரம் காய் மாதிரி வெளியே சுண்டப் போகிறேன். குறி தப்பினால் திரும்ப எடுக்க முடியாது. அளக்கிற போன்களில் செய்தி அனுப்பும் வசதி இல்லை.

இது வந்து சேர்ந்தால் உடனே எங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணு. இந்தப் போன் வேறு யார் கையில் கிடைத்தாலும் சரி: பக்கத்தில் இருக்கிற இரும்புக் கதவை வெளியிலிருந்து இழுத்துத் திறந்துவிடுங்கள். நான் உள்ளேதான் இருக்கிறேன்.