சுவரில் ஆடிய குரல்

டெல்லி துவாரகாவில் ஒரு தனியார் பள்ளியில் சாவித்திரி பதினாறு வருடமாக இயற்பியல் நடத்துகிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஒலி அலை பாடம் வந்ததும் அவள் வீட்டிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்துவருவாள். இரண்டு பக்கமும் வெட்டிய டப்பா. ஒரு பக்கத்தில் பலூனை இழுத்துக் கட்டி, நடுவில் நகமளவு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தாள். திறந்த பக்கத்தில் வாய் வைத்துப் பேசினால் பலூன் அதிரும். அதோடு கண்ணாடியும் அதிரும். அதன் மேல் விழும் லேசர் வெளிச்சம் சுவரில் போய் வளையம் வளையமாக ஆடும். தடித்த குரலுக்கு ஒரு வடிவம், கீச்சுக் குரலுக்கு வேறொன்று. தங்கள் குரலைக் கண்ணால் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்று தள்ளிக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கண்டிப்பு. லேசரை யாரும் கையில் பிடிக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டில் மாட்டி ஸ்க்ரூவை முறுக்கிய பிறகுதான் விளக்கை அணைப்பாள். வெளிச்சம் போகும் வழியில் ஒரு பெஞ்சுகூட இருக்காது.

அந்த பிப்ரவரியில் வேறொரு பள்ளிக்குச் செய்முறைத் தேர்வு நடத்த அவளை அனுப்பினார்கள். பாடம் தள்ளிப்போகக் கூடாதென்று, டப்பாவும் லேசரும் இருந்த பீரோவின் சாவியை உடன் வேலைபார்க்கும் கவிதாவிடம் கொடுத்தாள். கவிதாவும் அவளைப் போலத் திண்டுக்கல்காரி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுடைய விண்ணப்பத்தைப் பிரின்சிபாலின் மேஜையில் வைத்ததே சாவித்திரிதான். இருவருக்கும் வீடு கரோல் பாக்கில். தினமும் ஒரே மெட்ரோவில் போய்வந்தார்கள். ஸ்டாண்ட் விஷயத்தைப் புதன்கிழமை மெட்ரோவிலேயே சாவித்திரி இரண்டு முறை சொன்னாள். சாயங்காலம் கவிதாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: ஸ்டாண்டில் மாட்டித்தான் செய்வேன் அக்கா, கவலைப்படாதீர்கள். சாவித்திரி ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினாள்.

வியாழக்கிழமை வகுப்பில் ஸ்க்ரூ இறுகிக்கொண்டு திரும்பவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கவிதா லேசரை ஒரு மாணவனின் கையில் கொடுத்தாள். அவன் கை நழுவியது. முதல் பெஞ்சில் இருந்த மானசாவின் வலது கண்ணில் வெளிச்சம் நேராக அடித்தது. விழித்திரையில் சின்னக் காயம் இருக்கிறது, சில மாதத்தில் ஆறலாம், ஆறாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை தெரிந்தது அந்தப் பெண்ணுக்கு.

மறுநாள் காலை பிரின்சிபால் இருவரையும் கூப்பிட்டார். கவிதா முதலில் பேசினாள். சாவித்திரி மேடம் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன், ஸ்டாண்ட் என்று ஒன்று வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது என்று இந்தியில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. சாவித்திரியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பயத்தில் உளறுகிறாள் என்றே சாவித்திரி நினைத்தாள். அவளைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. போனை எடுத்து, கவிதா அனுப்பிய செய்தியைக் காட்டப் போனாள். அந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற சாம்பல் நிற வரி மட்டும் இருந்தது. அதன் கீழே சாவித்திரி அனுப்பிய கட்டைவிரல் அப்படியே நின்றது.

அவள் போனை மேஜையில் வைத்தாள். அழித்த செய்தியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும் என்றார் பிரின்சிபால். டப்பாவும் லேசரும் அனுமதி வாங்காமல் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. சாவியையும் அவளேதான் கொடுத்தாள். பள்ளிக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

சனிக்கிழமை மானசாவைப் பார்க்கப் போனாள். அம்மா ஜ்யோத்ஸ்னா கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தது என் தப்பு, நானே இருந்து செய்திருக்க வேண்டும் என்றாள் சாவித்திரி. ஜ்யோத்ஸ்னா குறுக்கிட்டாள்.

"கவிதா மேடம் நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்க. கையில பிடிச்சுச் செய்யச் சொன்னதே நீங்கதானாமே."

சாப்பாட்டு மேஜையில் ஒரு பை ஆரஞ்சு இருந்தது. சாவித்திரி மறுத்துப் பேச வாயெடுத்தாள். உள்ளறையில் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருந்த பெண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

திங்கட்கிழமை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இனி வகுப்பில் எந்தச் சோதனையும் செய்து காட்டக் கூடாது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். கீழே தன் விளக்கத்தையும் எழுதினாள்: ஸ்டாண்ட் பற்றி இரண்டு முறை சொன்னதை, வந்த செய்தியை, அது அழிக்கப்பட்டதை. அதைப் படித்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் பிளாட்பாரத்தில் கவிதா வந்து பக்கத்தில் நின்றாள். அழுதிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. அவருக்கு வேலை போய் அஞ்சு மாசமாச்சு. என்னையும் அனுப்பிட்டாங்கன்னா நாங்க எங்க போவோம்? நீங்க பர்மனென்ட். உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு தெரியும்."

"எப்ப அழிச்ச?"

கவிதா கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள்.

"சொல்லு கவிதா. எப்ப?"

"வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கும்போது."

அந்த வியாழக்கிழமை இரவு கவிதாவின் மகளுக்குத் தோசை ஊட்டித் தன் வீட்டிலேயே தூங்கவைத்தது சாவித்திரிதான். ஒன்பதரை மணிக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்ட கவிதா, நீங்கள் இல்லையென்றால் என்ன செய்வேன் அக்கா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள்.

"பிரின்சிபால் முன்னாடி பயந்து சொல்லியிருந்தா நான் மறந்திருப்பேன்," என்றாள் சாவித்திரி. "அதை அழிச்சிட்டு என் வீட்டுக்கு வந்திருக்க."

வண்டி வந்து நின்றது. கவிதா பின்னாலேயே ஏறினாள். சாவித்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரோல் பாக் வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.