விற்கும் காரணம்: மாடி வீடு

பழைய வாத்தியங்களை விற்கும் இணைய விளம்பரங்களில் விலையை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கண் போவது ‘விற்கும் காரணம்’ என்ற வரிக்கு. ஆசை ஆசையாய் வாங்கிய பொருளை ஒரு மனுஷன் ஏன் கைகழுவுகிறான் என்று தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ‘இடமில்லை’ என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் கூடத்தில் பந்து விளையாடலாம். ‘நேரமில்லை’ என்றவர் என்னை உட்காரவைத்து மதியம் முழுக்கப் பேசினார். இன்னொருவர் கிதாரின் விரிசல் மேல் பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, மகள் ஒட்டியது என்றார். அவருக்கு மகளே கிடையாது என்பது அவர் மனைவி டீ கொண்டுவந்தபோது தெரிந்தது.

இப்படி ஊர் சுற்றி வாங்கியதில் எங்கள் வீட்டில் ஒரு மாண்டலின், ஒரு அக்கார்டியன், உறையோடு ஒரு டிரம்பெட் இருக்கின்றன. எதையும் எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாது என்று நானாகச் சொல்ல மாட்டேன். என் மனைவி சொல்லுவாள்.

அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கி வந்ததோடு சரி, பிறகு அவள் படி இறங்கவே இல்லை. கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே காலை நீட்டி, அப்படியே கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். அதுதான் அவளுக்குச் சொல்லியிருந்த பயிற்சி. முதலில் ஜோராகத்தான் செய்துகொண்டிருந்தாள். நான் கடையிலிருந்து திரும்பியதும், “இன்னிக்கு இவ்வளவு மடங்குது, பாருங்க” என்று காட்டுவாள். திடீரென்று ஒரு நாள் மணல் பை அலமாரிக்குப் போய்விட்டது.

“ஏன், என்ன ஆச்சு?”

“வரல.”

“நேத்து வந்துச்சே?”

“வரலன்னா வரல. விடுங்களேன்.”

முட்டி இப்படியே இறுகிப்போனால் மயக்க மருந்து கொடுத்துப் பலவந்தமாக மடக்க வேண்டிவரும் என்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். அவர் போனதும் அழுதாள். அப்போதும் பையைத் தொடவில்லை. எனக்குக் கோபமும் பயமும் மாறி மாறி வந்தன. கோபத்தை அவளிடமே காட்டினேன். பயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் செல்போனை எடுத்துக்கொண்டு விளம்பரம் பார்க்க உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ‘கிளாரினெட். நல்ல நிலை. ஒருவர் மட்டுமே வாசித்தது. விற்கும் காரணம்: மாடி வீடு.’

மாடி வீடா? புதிதாக மாடி வீடு கட்டிக்கொண்டு போகிறாரா? கட்டியவர் கிளாரினெட்டையும் கூடக் கொண்டுபோக வேண்டியதுதானே, அது என்ன பீரோவா? இல்லை, கட்டிய கடனை அடைக்கவா? ஒரு கிளாரினெட்டை விற்றால் வாசல் கதவுகூட வராதே. இரவு முழுக்க அந்த இரண்டு வார்த்தைகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். காலையில் போன் செய்தேன். விற்பவரின் மனைவியாம், ஒரு பெண் எடுத்து விலாசம் சொன்னார். கதவு எண்ணைக் கேட்டதும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

அது எங்கள் கட்டடம். எங்களுக்கு நேர் கீழ் வீடு. அப்படியானால் அந்த மாடி வீடு நாங்கள்தான்.

அந்த வீட்டுக்குப் புதிதாக யாரோ குடி வந்திருப்பது தெரியும், முகம் பார்த்ததில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற நான் காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவேன். நாங்கள் என்ன செய்தோம் என்று தெரியாமல் அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, மாடிக்குப் போகாமல், வாங்க வந்தவன் மாதிரியே கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் காக்கிச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. பஸ் டிரைவராம். விடியற்காலை வண்டியை எடுத்தால் மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாராம். பெட்டியைத் திறந்து காட்டினார். நான் முறைப்படி முகர்ந்து பார்த்தேன். பூஞ்சை வாடை இல்லை. இணைப்புத் தக்கைகள் உதிரவில்லை. சாவிகளுக்கு அடியில் இருக்கும் சின்ன மெத்தைகள் கூடப் புதிதாகவே இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

“ஏங்க இதை விக்கறீங்க? மாடி வீடுன்னு போட்டிருந்ததே?”

அவர் மேலே கை காட்டிக் குரலைத் தாழ்த்தினார். “அங்க ஒரு பிசாசு இருக்கு சார்.”

“பிசாசா!”

“மனுஷங்கதான். ஆனா காது இருக்கு பாருங்க, அது பிசாசுக் காது. நான் ஒரே ஒரு பாட்டைத்தான் பழகிட்டிருந்தேன். அதுல ஒரு சுரத்தை நல்லா நீட்டணும். எனக்கு மூச்சு பத்தாது, பாதியில விட்டுடுவேன். விட்ட உடனே மேலேருந்து டொம்! சரியா நீட்டினேன்னு வைங்க, சத்தமே இருக்காது. தப்பு பண்ணினா மட்டும் டொம். ரோட்டுல பின்னாடி அத்தனை வண்டி ஹாரன் அடிச்சாலும் நான் அசர மாட்டேன் சார். அந்த டொம் கேட்டா வாத்தியத்தைக் கீழ வெச்சுடறேன்.”

“மேல போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“என்னன்னு கேக்கறது? தப்பாத்தானே வாசிச்சேன்.” சொல்லும்போது அவர் கண் கலங்கியது. “போன மாசமே நிறுத்திட்டேன். வீட்டுல இருந்தா அதையே பார்த்துட்டு இருப்பேன். அதான்.”

மணல் பை அலமாரிக்குப் போனதும் போன மாதம்தான். நான் பேந்தப் பேந்த விழித்தேன். பிறகு, “அந்தப் பிசாசு என் மனைவி” என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆபரேஷன், முட்டி, மணல் பை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துப் பெட்டியை மூடினார்.

“விலையைக் குறைக்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. இந்த மாதிரி யாரும் சொல்லல. சாயந்தரம் இன்னொருத்தர் வர்றார் சார், அவருக்கே குடுத்துடறேன்.”

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனேன்.

“கீழ் வீட்டு கிளாரினெட்டைக் கேட்டுத்தான் காலைத் தூக்கிட்டிருந்தியா?”

அவள் திருடப் போன இடத்தில் பிடிபட்டவள் போல முழித்தாள். “நானா எண்ணினா ஏமாத்திடுவேங்க. அந்தப் பாட்டுன்னா ஏமாத்த முடியாது. அது நீளுற வரைக்கும் காலைப் பிடிச்சுட்டிருப்பேன். அது சட்டுன்னு நின்னா காலும் தொப்புன்னு விழுந்துடும்.”

“இதை என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க வாசிக்க ஆரம்பிச்சுடுவீங்க.”

கீழே நடந்ததைச் சொன்னேன். என்னாலயா, என்னாலயா என்று இரண்டு தடவை கேட்டாள். அவரை மேலே கூட்டிவரட்டுமா என்றதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

“பயமுறுத்தினது நான். நான்தான் போகணும். அந்தப் பையை எடுங்க.”

வாசல் வரை வந்துவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்ததும் அப்படியே நின்றாள். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். சத்தம் கேட்டு டிரைவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“நான்தாங்க அந்த டொம்” என்றாள் என் மனைவி. என் கையிலிருந்த மணல் பையை வாங்கி முதல் படியின் ஓரத்தில் போட்டாள். டொம்! டிரைவர் துள்ளி விழுந்தார். பையைப் பார்த்தார், விறைத்து நின்ற வலது காலைப் பார்த்தார்.

“அக்கா, நான் என்னென்னவோ நினைச்சு...”

“அதெல்லாம் அப்புறம். எனக்குக் கீழ வரணும். அந்தப் பாட்டை வாசிங்க.”

“அந்த இடம் வந்தா விட்டுடுவேன் அக்கா!”

“விட்டா விழுந்துடுவேன், அவ்வளவுதானே.”

அவர் உள்ளே ஓடிப்போய்க் கிளாரினெட்டைப் பொருத்தி எடுத்துவந்து, அடிப்படியில் நின்று வாசிக்க ஆரம்பித்தார். ஆகா ஓகோ என்று சொல்ல முடியாது. ஆனால் என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி. அடுத்த படிக்குக் காலை நீட்டியபோது அந்தச் சுரம் வந்தது. டிரைவரின் கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பாதத்தை விட்டு அவர் கண் நகரவில்லை. மூச்சு தீரப் போகிறது என்று எனக்கே தெரிந்தது.

“கால் இன்னும் அந்தரத்துல இருக்கு, விடாதப்பா!” என்று கத்தினாள் என் மனைவி.

அவர் விடவில்லை. பாதம் மெல்ல இறங்கிப் படியில் உட்கார்ந்தது. பிறகுதான் சுரம் நின்றது.

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “அக்கா, டொம் கேக்கலையே?”

“இன்னும் நிறையப் படி இருக்கு. பேசாம வாசி.”