நாலாவது துளை

மண்சட்டியின் அடியில் மூன்றாவது துளையும் விழுந்துவிட்டது. யூஜென் ஆணியைக் கீழே வைக்கவில்லை. மடியில் ஒட்டிய செம்பொடியைத் தட்டிவிட்டு, ஆணியின் முனையை இன்னோர் இடத்தில் ஊன்றினாள்.

"போதும்மா. புள்ளைங்க மூணு பேருக்கு மூணு ஓட்டை. ஆணியைக் குடு," என்றான் பெரியண்ணன் தெகுவாங்.

"இன்னும் ஒண்ணு இருக்குண்ணா."

"என்னது?"

"அப்பா நாலு போடச் சொன்னாரு."

பந்தலுக்குள் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அப்பா லுவான் அதற்குள் நீலப் பட்டுச் சட்டையும் புதுச் செருப்புமாகப் படுத்திருந்தார். உயிரோடு இருந்தவரையில் பட்டைத் தொட்டுப் பார்த்தவர்கூட இல்லை. பஸ் ஓட்டியவருக்குப் பட்டு எதற்கு? முப்பத்தைந்து வருஷம் பெய்ஜிங் தெருக்களில் ஒரே தடத்தில் போய்த் திரும்பியவர். ஓய்வு பெற்ற பிறகும் விடிவதற்கு முன்னால் எழுந்து, போக இடமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

பந்தலின் வாசலில் பாங் அத்தை தலையை நீட்டினாள். கீழ்வீட்டுக்காரி. குடியிருப்புக் கமிட்டியில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. யார் வீட்டில் எந்தக் குழம்பு கொதிக்கிறது என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"ஓட்டையைப் பெருசாப் போடுங்க! கெழவர் பஸ் கழுவுன தண்ணி கொஞ்சநஞ்சமா? அழுக்காக்குன தண்ணி அவ்வளவையும் மேல போய் இந்தச் சட்டியிலதான் குடிக்கணும், ஓட்டை இல்லைன்னா வயிறு வெடிச்சிரும் பாவம்!"

"போட்டாச்சு அத்தை," என்றான் தெகுவாங்.

"அதுக்குத்தான் மூணு புள்ளை பெத்து வெச்சிருக்காரு. ஆளுக்கொரு வழியா ஒழுகிரும்." சிரித்துவிட்டு, ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் தெகுவாங் தங்கையின் பக்கம் குனிந்தான். "நாலுன்னா ஊரு என்ன பேசும்? லுவானுக்கு எங்கயோ சின்ன வீடு இருந்துச்சு, அதுல ஒரு புள்ளைம்பாங்க. செத்த மனுசனுக்கு இந்தப் பேரு தேவையா?"

"எந்தப் புள்ளைன்னு உனக்குத் தெரியும்."

தெகுவாங் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் இறுக்கிக் கட்டினான்.

சின்னண்ணன் ஹொங்பின் பெட்டிக்குத் தலைமாட்டில் நின்றிருந்தான். குவாங்ஜோவிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியவன். வந்ததும் மண்டியிட்டான், தலையைத் தரையில் மோதி வணங்கினான், சட்டியில் தன் பங்குக்கு ஒரு துளை போட்டான். அம்மா செத்தபோது ஒரு தரம், ஒரு புத்தாண்டுக்கு ஒரு தரம். முப்பது வருஷத்தில் அவன் இந்தப் படியேறியது அவ்வளவுதான். இப்போது திரும்பிப் பார்த்தான்.

"யாருக்கு நாலாவது?"

யூஜென் ஆணியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன வாரம் கஞ்சி ஊட்டிட்டு இருந்தேன். 'சட்டியில நாலு போடு'ன்னாரு. 'நாங்க மூணு பேருதானேப்பா'ன்னேன். 'வினிகர்காரப் பயலை விட்டுட்டியே'ன்னாரு. அப்புறம் சுவரைப் பாக்கத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

வினிகர்காரன் என்றால் ரென். ஷான்சி மாகாணத்துப் பையன். ஹொங்பினோடு கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே சாப்பிட வருவான். அம்மா இறைச்சிக் கொழுக்கட்டை பிடிப்பாள். அவன் கிண்ணத்தில் கொழுக்கட்டை கொஞ்சமும் வினிகர் நிறையவுமாக இருக்கும். "ஷான்சிக்காரனுக்குப் பொண்ணு குடுத்தாலும் குடுக்கலாம், வினிகர் வாங்கிக் குடுத்துக் கட்டுப்படியாகாது" என்று அப்பா கிண்டல் செய்வார். ரென் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப யூஜெனைக் குடுங்கப்பா" என்பான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அழுதுகொண்டே அடுப்படிக்குள் ஓடிவிடுவாள்.

எண்பத்தொன்பதில், மாணவர்கள் அரசை எதிர்த்துச் சதுக்கத்தில் போய் உட்கார்ந்த அந்த வசந்தத்தில் ஹொங்பினும் ரென்னும் போனார்கள். டாங்கிகள் ஊருக்குள் வந்த இரவு ஹொங்பின் எப்படியோ வீடு வந்து சேர்ந்தான். பொழுது விடியும்போதே அப்பா அவனை ஹெபெய் கிராமத்து அத்தை வீட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டார். ரென் வரவில்லை.

"நீ கதை கட்டுற," என்றான் ஹொங்பின். குரலில் கோபம்கூட இல்லை. "என்னையும் பெரியண்ணனையும் சேத்து வைக்க நினைக்கிற. செத்தவரையும் சேத்து. நல்ல மனசுதான். ஆனா வேணாம்."

"சத்தியமா சொன்னாருண்ணா!"

"அவரு என்ன சொன்னாருன்னு இந்தக் காதால கேட்டவன் நான். அத்தை வீட்டுலருந்து திரும்பி வந்து சோத்துல உக்காந்தேன். ரென் செத்துட்டானாம், விடுதியில சொன்னாங்கன்னேன். 'யாரு அவனைப் போகச் சொன்னா? படிக்க வந்த புள்ள படிக்க வேண்டியதுதானே?'ன்னாரு. தலையக்கூட நிமித்தலை. அவரு பஸ்ஸை எரிச்சுட்டாங்களாம். அதுக்கு இருந்த வருத்தம் அந்தப் பையனுக்கு இல்லை. அவரு இன்னிக்கு அவனுக்கு ஓட்டை போடச் சொன்னாராக்கும்!"

யூஜெனும் அந்தச் சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். அந்த வார்த்தை அவளுக்கும் நினைவிருந்தது. கஞ்சி ஊட்டும்போது அப்பா சொன்னதைச் சொல்லிவிட்டால் ஹொங்பினுக்கு மனம் ஆறும் என்று ஒரு வாரமாக நெஞ்சில் அடைகாத்து வைத்திருந்தாள். இவன் நம்பாமல் இப்படியே ரயில் ஏறிவிட்டால், இனி வருவதற்கு இந்த வீட்டில் யாருடைய சாவு மிச்சமிருக்கிறது?

வெளியே காரியம் நடத்துகிற தூ கிழவர் கூவினார். "வண்டி வந்துருச்சு! சட்டியைக் கொண்டாங்க, நேரமாகுது!"

"பெரியண்ணா, நீயாவது சொல்லேன்," என்றாள் யூஜென்.

"நான் என்ன சொல்றது? அன்னிக்கு அடக்கலைன்னா இந்த நாடு ரஷ்யா மாதிரி துண்டு துண்டாப் போயிருக்கும். இவன் இன்னிக்குக் காலையில வந்து இறங்கினானே, அந்த ரயிலும் இருந்திருக்காது."

"ரயிலுக்காக ரென்னைச் சுட்டாங்களா? சொல்லு, கேட்டுக்குறேன்," என்றான் ஹொங்பின்.

"கத்தாதடா. பாங் அத்தைக்கு இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கு. நாலு ஓட்டையைப் பாத்தா அவ யாருன்னு கேக்கவே மாட்டா, நேராக் கமிட்டியில போய்ச் சொல்லிருவா. எம் புள்ள மாவட்ட அரசு ஆபீஸ்ல வேலையில இருக்கான்."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்." ஹொங்பின் பையைத் தோளில் மாட்டினான். "நான் சுடுகாடு வரைக்கும் வர்றேன். சாம்பல் வாங்குறதுக்கு நீங்க போதும்."

அவன் பந்தலின் துணியை விலக்கினான்.

"அவ பொய் சொல்லலை," என்றான் தெகுவாங்.

ஹொங்பின் நின்றான்.

"உன்னை ஊருக்கு அனுப்பிட்டு அப்பா என்னைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டாரு. ஆளுக்கொரு சைக்கிள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போனோம். கடைசியில ஒரு ஆஸ்பத்திரியில, உள்ள இடம் இல்லாம, சைக்கிள் நிறுத்துற கொட்டகையில வரிசையாப் படுக்க வெச்சிருந்தாங்க. எனக்கு உள்ள போகக் காலு வரலை. வாசல்ல சைக்கிளைப் பிடிச்சுட்டு நின்னேன். அவரு ஒவ்வொருத்தனாக் குனிஞ்சு பாத்துட்டே போனாரு. ரென் முன்னாடி உக்காந்துட்டாரு. பஸ் ஓட்டறப்ப போடுவாரே, வெள்ளைக் கையுறை, அதைக் கழட்டி அவன் மூஞ்சியத் தொடச்சாரு."

தெகுவாங் மூச்சு வாங்கினான். அறுபதை நெருங்குகிற ஆள். இதையெல்லாம் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"ஷான்சிலருந்து அவன் அப்பன் வந்தாரு. ஸ்டேஷன்லருந்து கூட்டிட்டு வந்ததும், சாம்பலோட ரயிலேத்தி விட்டதும் நம்ம அப்பாதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா? தெருத்தெருவாக் கத்தியிருப்ப. டிப்போவுல ஒவ்வொருத்தனையா உக்கார வெச்சுக் கேட்டாங்க, அந்த நாள்ல எங்கடா இருந்தீங்க, உங்க வீட்டுப் பசங்க எங்கன்னு. அப்பா 'யாரு அவனுங்களைப் போகச் சொன்னா'ன்னாரு. அதையேதான் எல்லாருகிட்டயும் சொன்னாரு. உன் பேரு வெளிய வரலை. சொல்லிச் சொல்லி, வீட்டுச் சோத்துலயும் அதுவே வந்துருச்சு."

"முப்பது வருஷம்ணா. ஒரு போன் பண்ணிச் சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"வாயத் திறந்தா நீ எம் புள்ளையே இல்லைன்னாரு." தெகுவாங் சட்டியைப் பார்த்தபடி, "எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு," என்றான்.

ஐஸ் பெட்டியின் சத்தம் சட்டென்று நின்றது. வெளியே யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

தெகுவாங் தங்கையின் கையிலிருந்து ஆணியை வாங்கிக்கொண்டு மண்டியிட்டான். சட்டியைக் கவிழ்த்து, மூன்று துளைகளுக்கும் பக்கத்தில் இடம் பார்த்து ஆணியை ஊன்றித் திருகினான். சட்டி வழுக்கிச் சுற்றியது.

"இன்னிக்கும் சொல்றேன்," என்றான், தலை நிமிராமல். "அடக்குனது சரிதான்."

ஹொங்பின் பையை இறக்கி வைத்தான். எதிரில் வந்து மண்டியிட்டான்.

"நானும் இன்னிக்கும் சொல்றேன். அது கொலை."

"சட்டியப் பிடி. ஆடுது."

ஹொங்பின் இரண்டு கைகளாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டான். ஆணி திரும்பத் திரும்பச் செம்மண் பொடி அவர்கள் முழங்கால்களின் மேல் உதிர்ந்தது. யூஜென் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. இந்த இரண்டு நாளில் இப்போதுதான் வந்தது.

வெளியே நவம்பர் காற்று. மாடிப்படியோரம் குளிர்காலத்துக்கென்று அடுக்கிய முட்டைக்கோஸ்களின் மேல் காகித மலர் வளையங்கள் சாய்ந்து கிடந்தன. வண்டிக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்து, தூ கிழவர் கூப்பிட்டார். தெகுவாங் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான். ஒரே அடியில் உடைய வேண்டும். பிறகு யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

முன்வரிசையில் நின்ற பாங் அத்தை அண்ணாந்து பார்த்தாள். சட்டியின் அடித் துளைகளில் வெளிச்சம் தெரிந்தது. அவள் உதடுகள் அசைந்து எண்ணின.

"தெகுவாங், நாலு இருக்கே?"

"ஆமா அத்தை. நாலுதான்."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். பாங் அத்தை அவனைப் பார்த்தாள், ஹொங்பினைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"காத்து அடிக்குது," என்றாள். "சீக்கிரம் கிளம்புங்க."

சட்டி ஒரே அடியில் சிதறியது.

வண்டிக்குள் பெட்டியின் ஒரு பக்கம் தெகுவாங் உட்கார்ந்தான், மறுபக்கம் ஹொங்பின். யூஜென் கால்மாட்டில். வண்டி அப்பா வழக்கமாக பஸ் ஓட்டிய சாலையில் ஏறியது. அண்ணன்கள் இரண்டு பேரின் முழங்கால்களிலும், வெள்ளைத் துணியின் மேல், செம்மண் பொடி அப்படியே இருந்தது. யூஜென் தட்டிவிடலாமா என்று கையை நீட்டினாள். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டாள்.