நடு அசையாத தார்ப்பாய்

எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் சென்னையிலிருந்து ஆண்டிமடம் வந்த லீலாவதி யாரோடும் சரியாகப் பேசவில்லை. முந்திரிக் களத்தோரம் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்த கோபம் என்று அண்ணன் தங்கராசு நினைத்துக்கொண்டார். உண்மையில் அவளைத் தின்றுகொண்டிருந்தது ஒரு கான்கிரீட் தளம்.

நான்கு மூலையில் மட்டும் தூண் தாங்கும் மெல்லிய தளம். அதைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டுக் கோத்துப் பார்க்கும் ஃபைனைட் எலிமெண்ட் முறையில்தான் அவளுடைய ஆராய்ச்சி. சதுரத்துக்குள் பல புள்ளிகளில் அளந்தால் தளம் இரும்புப் பாளம்போல விறைத்துக்கொண்டது. நடுப்புள்ளியில் மட்டும் அளந்தால் விறைப்பு விட்டது. ஆனால் விடை ரம்பப் பல்லாக மேலும் கீழும் துள்ளியது. அடுத்த முறை கம்ப்யூட்டரில் ஓட்டும்போதும் இப்படியே வந்தால் இதைக் கைவிட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கைவிட்டால் இத்தனை வருட உழைப்பும் போயிற்று.

அன்று பிற்பகல் வானம் திடீரென்று இருட்டியது. காய்ந்த கொட்டையை மூட அண்ணன், அண்ணி பாப்பாயி, வேலையாட்கள் இருவர் என மூலைக்கொருவராகத் தார்ப்பாயைப் பிடித்து உதறினார்கள். உதறல் ஒத்துவரவில்லை. அண்ணனும் அவருக்கு எதிர்மூலையில் நின்றவரும் கையைத் தூக்கும்போது மற்ற இருவரும் இறக்கினார்கள். பாய் கோணிக்கொண்டு படபடத்தது. நடுவில் ஒட்டியிருந்த செம்மண் திட்டு மட்டும் அசையவே இல்லை.

லீலாவதி எழுந்து நின்றாள்.

"நிறுத்தாதீங்க. அப்படியே ஆட்டுங்க."

"மழை வருது, இவளுக்கு வேடிக்கை," என்றாள் பாப்பாயி. "வந்து ஒரு மூலையப் புடிச்சா கை தேஞ்சிடுமா?"

"இன்னிக்குத்தான் வாயத் தொறந்திருக்கா. ஆட்டு புள்ள," என்றார் தங்கராசு மனைவியிடம்.

நான்கு மூலையும் ஆடுகின்றன. நடுவில் நின்று அளப்பவனுக்கோ ஒன்றுமே நடக்கவில்லை. கணக்கும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறது. பார்க்காத ஆட்டத்தை அது எப்படித் தடுக்கும்?

அந்த ஆட்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு எதிர்ப்பு கொடுத்தால்? மண்ணில் குச்சியால் சதுரம் போட்டு, மூலைகளில் வரிசையாகக் கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று குறித்தாள். மூலைகளின் ஏற்ற இறக்கத்தை இந்தக் குறிகளோடு கூட்டினால், நான்கும் சேர்ந்து உயரும்போது மொத்தம் பூச்சியம். ஒரு பக்கம் சாய்ந்தாலும் பூச்சியம். இந்தக் கோணலாட்டம் மட்டும் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. எதிர்ப்பு மிகச் சிறியதாக இருந்தால் போதும். கூடினால் பழையபடி விறைத்துவிடும். முதல் தூறல் குறிகளை அழித்தது. அவள் கவலைப்படவில்லை. நனைந்துகொண்டே தபால் ஆபீசுக்கு ஓடினாள்.

டிரங்க் கால் கிடைத்ததும் ஆய்வகத் தோழி செல்வம்மாளிடம் மாற்ற வேண்டிய வரிகளைச் சொன்னாள். அவற்றைக் கம்ப்யூட்டர் கார்டுகளில் துளையாகக் குத்தி ஓட்டிப் பார்ப்பதாகத் தோழி சொன்னாள்.

மறுநாள் தபால் ஆபீசுக்குத் தங்கராசும் சைக்கிளில் கூட வந்தார். மறுமுனையில் செல்வம்மாள் கம்ப்யூட்டர் அச்சடித்த தாளை விரித்துப் பார்ப்பதாகச் சொன்னாள். சரசரப்பு மட்டும் கேட்டது. லீலாவதி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பேசாம இருக்கவா போன் போட்ட?" என்றார் தங்கராசு.

அப்போது குரல் வந்தது. "பல்லே இல்லடி. கிண்ணம் மாதிரி வழவழன்னு இறங்குது. சதுரத்தச் சின்னதாக்கியும் ஓட்டிட்டேன், புத்தகத்துல இருக்குற விடையோட ஒட்டிக்கிட்டு நிக்குது."

வெளியே வந்த லீலாவதி சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பின்னால ஏறுண்ணே. நான் மிதிக்கிறேன்."

தங்கராசு கடைத்தெருவை இருபுறமும் பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை.