வாழைக்கறை

வண்டித் தரையில், அடிப்பெட்டி மூடியின் மேல் பாயை விரித்துவிட்டு, ராக்காயி புருஷனின் அக்குள்களில் கை கொடுத்து இழுத்தாள். உடம்பு இன்னும் விறைக்கவில்லை. தலை அவள் மார்பில் சாய்ந்து ஆடியது. பாயின் நடுவில் அவனைக் கிடத்திக் காலை நீட்டிவிட்டாள்.

பலகைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“அண்ணி, அண்ணன எங்க இழுக்குறீங்க?”

“ஒன் தலைக்கு மேல. பேசாமக் கெட. கிராணி வர்றான்.”

அப்புறம் சத்தம் இல்லை. பெட்டிக்குள் கிடந்தவன் புருஷனின் தம்பி அழகேசன். இருபத்தாறு வயது. செத்தவனுக்கு முப்பத்தைந்து. ஆனால் ஐந்து நாள் காய்ச்சல் தின்ற முகத்துக்கு வயது ஏது?

அது வீடு இல்லை. ரப்பர் பால் ஏற்றுகிற டிரெய்லர். அவள் புருஷன் பக்கிரிசாமி பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டியவன். ஜப்பான்காரன் வந்ததும் லாரியை எடுத்துக்கொண்டான். பின்னால் மாட்டியிருந்த டிரெய்லரைக் கழற்றி விட்டுப் போனான். கொஞ்ச நாளில் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். ஒரு வாசலுக்கு, ஒரு குடும்பத்துக்கு, ஓர் ஆள். பக்கிரிசாமி வாசலுக்கு அழகேசன் பேரை எழுதிக்கொண்டு போனார்கள். கல்யாணம் ஆகாதவன், பின்னால் அழ ஆள் இல்லை என்று ஒரு கணக்கு.

பக்கிரிசாமி டிரெய்லரின் மேல் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டான். ரப்பர்ப் பெட்டிப் பலகையால் நாலு பக்கமும் அடைத்தான். தரைக்கு அடியில், அச்சுகளுக்கு நடுவே, ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற நீளத்துக்குப் பெட்டி கட்டினான். இரண்டு மாட்டைப் பூட்டினான்.

“வாசலே இல்லாதவன்கிட்ட எந்த வாசலுக்கு ஆள் கேப்பான்?” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு மாதம் சக்கரத்தின் மேல் குடித்தனம். கோத்தா கோலா மூடாவில் உப்பு மீன் ஏற்றுவது, தோட்டந்தோட்டமாக மரவள்ளிக்கு மாற்றுவது, அறுப்புக் காலத்தில் யான் பக்கம் போய் நெல்லுக்கு நிற்பது. மீன் ஏற்றப் பக்கிரிசாமி பேரில் ஓர் அனுமதிச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டு ஒன்றுதான் சோறு. வாசல் இல்லாதவனுக்கு அரிசி அட்டை கிடையாது. மருந்தும் கிடையாது என்று நேற்றுத்தான் தெரிந்தது. வண்டி இப்போது நிற்கிற இதே தோட்டத்து மருந்து அறையில் அவள் போய் நின்றபோது, உள்ளே இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எந்த லயத்து வீடு? வாசல் நம்பர் என்ன?”

“நம்பர் இல்லீங்க. செமிலிங் ரோட்டோரமா வண்டிய நிறுத்தியிருக்கோம். காய்ச்சல் கொதிக்குது.”

“நம்பர் இல்லாம எதுல எழுதுறது? போம்மா.”

மருந்து டப்பா அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அவள் கை நீட்டவில்லை. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது இப்போது.

வெளியே யாரோ பலகையைத் தட்டினார்கள்.

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற பரஞ்சோதி கிராணி கையில் புத்தகத்தோடு நின்றான். சட்டைக் கையில் ஜப்பான்காரன் கொடுத்த வெள்ளைத் துணிப் பட்டை. பின்னால் ஆட்களை வேலைவாங்கும் தண்டலும், ரப்பர் பால்வெட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். அவள் விடியலில் போட்ட ஒற்றைக் கூச்சல் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

“செத்தது யாரு?”

ராக்காயி வாசல் பலகையில் உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

“தோட்டத்துச் சுடுகாட்டுல ஒரு குழி குடுங்க. எடுத்துட்டுப் போயிடுறேன்.”

“குழி குடுக்கலாம். பேர் எழுதாமக் குடுக்க முடியாது. அப்புறம் ஜப்பான்காரன் எங்கிட்டல கேப்பான்?” அவன் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தான். “எனக்கு ஒரு சந்தேகம். பீடோங் பக்கத்துலேர்ந்து ஒரு பால் டிரெய்லரோட ஓடிப்போனவன் பேர் இதுல இருக்கு. அழகேசன். அண்ணன் பேரு பக்கிரிசாமி. இது அந்த டிரெய்லர்தான?”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“செத்தது அண்ணன்னா, கொள்ளிச்சட்டி தூக்கத் தம்பி வரணும். வரச் சொல்லு. குழிய நானே ஆள் விட்டு வெட்டித் தர்றேன்.” கிராணி தணிவாகத்தான் பேசினான். “தம்பிய மறைச்சுக்கிட்டு அண்ணனப் பொதைக்க முடியாதுலா. நாய் இழுத்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவியா?”

நாய் என்ற சொல்லில் அவளுக்கு ஏதோ அறுந்தது. எழுந்தாள்.

“இந்தாய்யா, நீ கேட்ட தம்பி. வந்து பாரு. இவன்தான் அழகேசன். செத்துட்டான். இவனையும் சயாமுக்கு ஏத்திக்கிட்டுப் போ.”

கிராணி தாளைப் புத்தகத்துக்குள் செருகினான். ஏறி வந்தான். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தான். கண் குழிந்து, தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போன முகம். அவன் கால்கள், அடியில் அழகேசன் படுத்திருந்த பலகைமேல் நின்றன.

“அண்ணன் எங்க?”

“மீன் சீட்டோட யானுக்குப் போயிருக்காரு. வர ரெண்டு நாளாகும். அது வரைக்கும் பொணம் தாங்காது.”

“நீ யாரு?”

“அண்ணிக்காரி.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் பொய் நின்றுவிட்டது. செத்தவன் அழகேசன் என்றால் தாளில் அவன் பேர் அடிபடும். பக்கிரிசாமி உயிரோடு இருப்பான், சீட்டும் உயிரோடு இருக்கும். எல்லாம் சரியாக இருந்தது. அவள் மட்டும் தாலியை அறுக்கக் கூடாது, பொட்டை அழிக்கக் கூடாது.

கிராணி இறங்கி மரத்தடியில் நின்று சுருட்டைப் பற்றவைத்தான். புதைக்கிற வரை அவன் போகப்போவதில்லை என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது.

பெண்கள் வந்து சூழ்ந்தார்கள். முன்னால் வந்தவள் காளியம்மா. ஐம்பது வயதுப் பால்வெட்டுக்காரி. சேலைக்கு மேல் சாக்கை இடுப்பில் கட்டியிருந்தாள்.

“கல்யாணம் ஆகாத புள்ளையா தாயி?”

“ஆமா.”

“அடப் பாவமே. கன்னி கழியாமக் குழிக்குள்ள விடக் கூடாது. ஏ தண்டலு, லயத்துப் பின்னாடி ஒரு வாழக்கன்னு வெட்டிட்டு வாங்க. பையனுக்கு வாழையக் கட்டி வச்சித்தான் அனுப்பணும்.”

“அதெல்லாம் வேண்டாங்கா,” என்றாள் ராக்காயி.

“நீ சொன்னா ஆச்சா? ஆசையோட போனவன் அலைவான். நாங்கல்ல இந்தத் தோட்டத்துல இருக்கணும்.”

உள்ளே நாலு பேர் கால் மடக்கி உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள். யாரென்றே தெரியாதவனுக்கு மனசாரத்தான் அழுதார்கள். அழகேசா, மாலை ஏறாத கழுத்தா, மஞ்சள் தொடாத கையா என்று இழுத்தார்கள். ராக்காயி சுவரோரமாக உலர்ந்த கண்ணோடு இருந்தாள். ஒருத்தியும் பக்கிரிசாமி என்று கூப்பிடவில்லை. இந்த ஊரில் அந்தப் பேரைச் சொல்லி அழ அவள் ஒருத்திதான். அவளும் சொல்ல முடியாது.

“ஒரு சொட்டுக் கண்ணீர் வரலயே அண்ணிக்காரிக்கு,” என்று வெளியிலிருந்து கிராணி கேட்டான். “சோறு மிச்சம்னு இருக்குபோல.”

அவள் தவழ்ந்து பாய் ஓரத்துக்கு வந்தாள். முஷ்டியால் பலகையில் ஓங்கி அடித்தாள்.

“அழகேசா. டேய் அழகேசா.”

அழுதவர்கள் நிறுத்தினார்கள்.

“ஒருத்தன் உசுரத் தின்னுட்டுக் கெடக்கியேடா. ஒனக்காக வீட்ட விட்டான், வாசல விட்டான், ஒரு பிடி அரிசிக்கு மழையில நின்னான். மருந்துக்கு நான் பிச்சக்காரியாப் போயி நின்னேன். ஒன்ன மட்டும் தூக்கிக் குடுத்திருந்தா எல்லாரும் நல்லா இருந்திருப்பம்டா. கேக்குதாடா? ஒன் காதுல விழுதாடா?”

ஒவ்வொரு கேள்விக்கும் பலகை அதிர்ந்தது. காளியம்மா பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தாள்.

“போதும் தாயி. செத்தவன் காதுல விழுமா?”

அடியிலிருந்து ஒரு மூச்சுக்கூட வரவில்லை.

குளிப்பாட்ட ராக்காயியும் காளியம்மாவும் திரை கட்டி உட்கார்ந்தார்கள். காளியம்மா வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். ராக்காயி செம்பில் மொண்டு, முதலில் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து, மறுபடி மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, அப்புறம் அவன் தோளில் ஊற்றினாள். ஐந்து நாளாக அப்படித்தான் ஊற்றுகிறாள். முதுகைத் தேய்க்கும்போது, படுக்கைப் புண்ணைத் தொடாமல் கை தானாகச் சுற்றிப் போனது.

காளியம்மா தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். அப்புறம் ராக்காயியின் கழுத்தைப் பார்த்தாள்.

“கொழுந்தனுக்கு ஒருத்தி இப்படித் தண்ணி ஊத்தமாட்டா,” என்றாள் மெதுவாக.

ராக்காயி செம்பைக் கீழே வைத்தாள். திரைக்கு அப்பால் சுருட்டு வாடை வந்தது. இவள் வாயைத் திறந்தால் போதும்.

“எம்மவன் போயி ஒரு வருசம் ஆச்சு சயாமுக்கு,” என்றாள் காளியம்மா. “இந்த மரத்தடியில நிக்கிறானே, இவன்தான் எழுதுனான்.”

திரைக்கு வெளியே தண்டலின் குரல் கேட்டது. வாழைக்கன்று வந்துவிட்டது.

ராக்காயி காளியம்மாவின் கையைப் பிடித்தாள். “வேண்டாங்கா. அத மட்டும் என்னால முடியாதுங்கா.”

“இப்ப வேண்டாம்னா ஏன்னு கேப்பான்.” காளியம்மா தன் முந்தானையிலிருந்து மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்து நூலில் முடிந்தாள். “நான்தான் இந்த வாழைய இழுத்து விட்டேன். நானே கூட நிக்கிறேன். வா.”

உடம்பைப் புது வேட்டியில்லாமல் துவைத்த கைலியில் சுற்றி மரநிழலில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் வாழைக்கன்று, இடுப்பளவு உயரம், மண்ணில் நட்டு நிறுத்தியிருந்தது. காளியம்மா மஞ்சள் கயிற்றைச் செத்தவன் விரல்களில் தொடவைத்து ராக்காயியிடம் நீட்டினாள்.

“அண்ணிக்காரி கட்டட்டும். சுமங்கலி கைதான் ஆகும்.”

கிராணி தலையாட்டினான். சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு மரியாதையாக நின்றான்.

அவள் மண்டியிட்டாள். வாழைத் தண்டு குளிர்ந்திருந்தது. கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டாவது போட்டாள். மூன்றாவது முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது. அவள் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் இல்லை. பக்கிரிசாமிதான் மூன்றையும் போட்டான். அவசரக்காரன், கழுத்து முடியையும் சேர்த்து முடிந்துவிட்டான். ஒரு வாரம் வலித்தது.

மூன்றாவது முடிச்சு விழுந்தது. தண்டல் பாராங் கத்தியை ஓங்கி ஒரே வெட்டாக வெட்டினான். கன்று சாய்ந்தது. பிடித்திருந்த அவள் விரல்களில் பால் ஒழுகியது.

“முடிஞ்சுது,” என்றாள் காளியம்மா. “தூக்குங்க.”

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்டல் கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. ராக்காயி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவில் அந்த வெள்ளைக் கைலி சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தாள்.

புதைத்து முடிந்ததும் கிராணி திரும்பி வந்து தாளை மடியில் வைத்து, ஒரு பேரின் மேல் கோடு இழுத்தான்.

“ஒங்க வாசல் கணக்கு தீந்தது. பொழுது சாயறதுக்குள்ள தோட்டத்த விட்டுப் போயிடணும்.”

“எந்த வாசல்?” என்று கேட்டாள். அவன் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள். அவன் புத்தகத்தை மூடினான்.

மாட்டை அவளே பூட்டினாள். காளியம்மா நாலு மரவள்ளிக் கிழங்கை வாசல் பலகையில் வைத்துவிட்டு, பால்வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

செமிலிங் தாண்டி, வயல் தொடங்குகிற இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினாள். பாயைச் சுருட்டினாள். மூடியைத் தூக்கினாள்.

அழகேசன் உடனே எழுந்திருக்கவில்லை. கை கால் மரத்துப் போயிருந்தது. மூடியின் உள்பக்கம் நகத்தால் பிறாண்டிய கோடுகள் இருந்தன. விரல் நுனிகளில் ரத்தம் காய்ந்திருந்தது. வாயில் தன் சட்டையையே சுருட்டித் திணித்திருந்தான். அதை எடுத்தான்.

“அண்ணி. நான் சயாமுக்கே போயிருப்பேன்.”

“போயிருக்கலாம். அவரு விடல.”

“என் மண்டைக்கு மேல அண்ணன வச்சி…”

“எல்லாம் எனக்குத் தெரியும். எந்திரி. முன்னாடி பாலத்துல காவல் நிக்குது.” மீன் சீட்டைக் கூரைச் செருகலிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “அண்ணன் சட்டையப் போட்டுக்க. மூங்கில் கொம்ப நீ பிடி.”

அவன் சட்டையைப் போட்டான். தோளில் தொளதொளத்தது. மாட்டின் பின்னால் போய் உட்கார்ந்தான்.

“கேட்டா ஒன் பேரு என்ன?”

அவன் சாலையைப் பார்த்தான்.

“ஒன் பேரக் கேட்டேன்.”

“அண்ணி, வேண்டாம்.”

“சொல்லு.”

தொண்டையைச் செருமினான். வரவில்லை. மறுபடி செருமினான்.

“பக்கிரிசாமி,” என்றான்.

“சத்தமா.”

“பக்கிரிசாமி.”

வயலில் இருந்த கொக்குகள் எழுந்து கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்தன. காலையில் கிராணி தாளைப் பார்த்துச் சொன்னதுக்குப் பிறகு அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராக்காயி உள்ளே போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

வண்டி நகர்ந்தது. சுவரில், லாரியைக் கொடுக்கும்போது பக்கிரிசாமி கழற்றி வைத்துக்கொண்ட கண்ணாடி ஆடியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். வியர்வையில் பொட்டுக் கரைந்திருந்தது. குங்குமச் சிமிழைத் திறந்தாள். வாழைப்பால் காய்ந்து விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. சேலையில் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. பாலம் தெரியத் தொடங்கியது.

அந்த விரலாலேயே தொட்டு வைத்துக்கொண்டாள்.