மூன்று பெட்டியிலும் ஜால்ரா சன்னம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. காது அடைத்துக்கொண்டதால் கிடைத்தது. கேட்புச் சோதனை அறையில், எனக்குக் கோளாறு ஒன்றுமில்லை, வெறும் அழுக்குதான் என்று சொன்ன பெண்மணி, அறிக்கை அச்சாகி வரும்வரை பேச்சுக்கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன்.

"அப்ப இதை எழுதுங்க" என்றார்.

இப்படி ஆரம்பிப்பவர்களிடமிருந்து நான் வழக்கமாக நழுவிவிடுவேன். அன்று நழுவவில்லை.

2

"வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் ஒதுங்கிய அந்தத் தம்பதி…"

(மழையே இல்லை. நல்ல வெயில். அடித்துவிட்டேன்.)

"இசை என்பது மனிதனின்…"

(வேண்டாம்.)

நேராகவே சொல்கிறேன். அவள்* கணவர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷமாக இயந்திரம் ஓட்டுகிறவர். ஐம்பது தாண்டிய பிறகு அவரை எலக்ட்ரானிக் இசைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. போனில் ஒரு செயலியை வைத்து டொம் டொம் என்று தட்டிக்கொண்டிருந்தவருக்குக் கண்ணாடியைத் தடவித் தடவி அலுத்துவிட்டது. கையால் திருக நிஜமான குமிழ் வேண்டும். அனலாக் டிரம் மெஷின்தான் வேண்டும். இருப்பதிலேயே மலிவானது போதும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இருவரும் கடைக்குப் போனார்கள்.

(* நேரில் "நீங்க" என்றுதான் பேசினேன். கதைக்குள் வந்ததும் "அவள்" ஆகிவிட்டாள். மரியாதைக் குறைவல்ல, பக்கத்தில் வந்துவிட்டாள், அவ்வளவுதான்.)

3

கடைக்காரர் டிபன் டப்பா அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். கீழே வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், மேலே ஒவ்வொரு கொட்டுக்கும் ஒரு குமிழ்.

"இதுல முன்னாடியே பதிஞ்சு வச்ச சத்தம் கிடையாது சார். நீங்க அமுக்கற நிமிஷம் மின்சாரமே போடற சத்தம்."

அச்சுக்காரருக்கு முகமெல்லாம் பல். அடித்தாளத்தைப் போட்டார், வயிற்றில் இறங்கியது. நடுவில் ஒரு தட்டு வைத்தார். பிறகு ஹை-ஹாட். அவர் அதை ஜால்ரா என்றுதான் சொல்வார்.

"ஜால்ரா வரலையே?"

குமிழைத் திருகினார். இன்னும் திருகினார். கடைசிவரை திருகினார். கொதிக்கும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஸ், ஸ், ஸ் என்று கடையை அறுத்தது. கித்தார் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுல நான் போடற ஜால்ராவுக்குப் பக்கத்துலகூட வராது போலிருக்கே. வேற பெட்டி பிரிங்க."

இரண்டாவது பிரித்தார்கள். மூன்றாவதும் பிரித்தார்கள். மூன்றும் அறுத்தன. கடைக்காரர் அவளைப் பார்த்தார்.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம். காதுக்கு உச்சஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் போகும். இதைத் தினமும் காகிதத்தில் கோடு போட்டு மற்றவர்களுக்குக் காட்டுகிறவள் அவள்.

"ஆமாங்க" என்றாள். "சன்னமாத்தான் இருக்கு."

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. காதைச் சோதிப்பதே தொழில், வீட்டில் இருக்கும் காது தெரியாமலா போகும்? வாசகர் நம்பமாட்டார். அவளிடமே கேட்டேன்.

"நான் கூப்பிட்டாத் திரும்பமாட்டார். அதுக்குக் காதுதான் காரணம்னு எந்தப் பொண்டாட்டிக்கு சார் தோணும்?"

சரி. பொய் ஏன்?

அச்சாகி வந்த அறிக்கையை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"தினம் பத்துப் பேருக்குச் சொல்றேன். எல்லாரையும் நாற்காலியில உட்கார வச்சு, கதவைச் சாத்திட்டுத்தான் சொல்றேன். இவரைக் கடையில நிக்க வச்சுச் சொல்ல மனசு வரல."

இந்த வாக்கியத்தை அழகுபடுத்த மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

5

மூன்றாவது பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கொட்டு ஒவ்வொன்றாக அடுக்கினார். பதினாறு பொத்தான்களிலும் விளக்கு ஓடியது. ஜால்ரா விழும் இடங்களை அவர் விளக்கைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள். எப்படிச் சொல்வது என்று வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

அவர் முந்திக்கொண்டார்.

"இங்க வாயேன்."

வந்தாள். அவள் கையைப் பிடித்து ஜால்ராவின் குமிழ்மேல் வைத்தார்.

"உனக்கு எங்க நல்லா இருக்கோ அங்க நிறுத்து."

"ஏன், நீங்களே…"

"மூணு பெட்டியும் கெட்டுப்போயிருக்காதேம்மா."

அவள் குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பாதிக்குக் கீழே, தாளத்தோடு ஒட்டி, மெதுவாக மூச்சுவிடுகிற மாதிரி ஓர் இடம் வந்தது. நிறுத்தினாள். அவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

இந்த முறை பொய் இல்லை.

6

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவர் காதுக்கருவி மாட்டிக்கொண்டு முதல் தடவையாக ஜால்ராவைக் கேட்டுக் கண்கலங்குகிறார். (விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.) இன்னொன்றில் எந்தக் கருவியும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார், கடைசிவரை அவள்தான் அந்தக் குமிழைத் திருகிக்கொடுக்கிறாள். (இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே நம்பவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அவர் மெஷினை நிறுத்தாமல், தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "நாளைக்கு உன் டெஸ்ட் ரூமுக்கு நானும் வரட்டுமா? இல்ல, கொஞ்ச நாள் இப்படியே இருந்துக்கலாமா?"

அவள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று என்னிடமும் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. தாளம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் என்ன சொல்வதாக இருந்தாலும் கொஞ்சம் நிதானமாக, அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.